பிறந்த ஊரை மறவாத பெருவஜீர்: சொக்கொலு முஹம்மது பாஷா

உதுமானியப் பேரரசின் வரலாற்றைப் பயில்வோர் சுல்தான் சுலைமானை நன்கறிவர். கட்டடக் கலைஞர் சினானையும் அறிவர். அவ்விருவரோடும் நெருங்கிப் பழகி, சுலைமான், இரண்டாம் செலீம், மூன்றாம் முராத் ஆகிய மூன்று சுல்தான்களுக்குத் தொடர்ந்து தலைமை வஜீராக விளங்கியவர் சொக்கொலு முஹம்மது பாஷா. 1565 முதல் 1579 வரை பதினான்கு ஆண்டுகள் பேரரசின் கடிவாளம் அவர் கையில் இருந்தது. ஆட்சித் திறத்தால் அவரைப் போற்றுவோர் பலர். நாம் ஈண்டு அவரை நோக்கும் கோணம் வேறு.

சிற்றூர் ஒன்றின் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இஸ்லாத்தில் வளர்ந்து, முஸ்லிமாகவே வாழ்ந்து மறைந்தவர். அவருடைய உறவினருள் ஒரு பகுதியினர் கிறித்தவர்களாகவே நீடித்தனர். மார்க்கம் வேறுபட்டபின் இரத்த உறவு என்னவாகிறது? ஒரே ஊரில், ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே கூரையின்கீழ் வாழும் கிறித்தவரும், இஸ்லாத்தைத் தழுவிய அவர்தம் உடன்பிறந்தாரும் ஒருவருக்கொருவர் யாவர்? 16-ஆம் நூற்றாண்டின் பால்கன் சிற்றூர்கள்தோறும் எழுந்த இவ்வினாவுக்கு, தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் சொக்கொலு எனலாம்.

பிறந்த மண்

போஸ்னியாவின் கிழக்கில், திரினா ஆற்றுப் பகுதியில், ரூதோ என்னும் ஊருக்கு அருகே சொக்கொலோவிச்சி என்ற சிற்றூர் உள்ளது. சொக்கொல் என்பது அந்நாட்டு மொழியில் ராஜாளிப் பறவையைக் குறிக்கும். அவ்வூரில் 1505 அல்லது 1506 அளவில், செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சார்ந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். பாயோ என்பது பெற்றோர் இட்ட பெயர் என்பர். உறவினர் ஒருவர் துறவியாக இருந்த மிலெஷேவா மடத்தில் அவர் இளமைக் கல்வி பெற்றார் என மரபுச் செய்திகள் கூறுகின்றன.

அந்நாளில் போஸ்னியச் சிற்றூர்களின் முகம் மாறிக்கொண்டிருந்தது. 1463-இல் அந்நாடு உதுமானியர் வசமாயிற்று. 1468-69-ஆம் ஆண்டு வரிக்கணக்கு ஏடுகளில் முஸ்லிம் குடும்பங்கள் 332 மட்டுமே. கிறித்தவக் குடும்பங்களோ 37,125. 1520-களில் எடுக்கப்பட்ட கணக்கில் போஸ்னிய மாவட்டத்து முஸ்லிம்கள் ஏறத்தாழப் பாதியை நெருங்கிவிட்டனர். வெளியிலிருந்து பெருந்திரளாக எவரும் குடியேறியதன் விளைவன்று இது. உள்ளூர் மக்களே இரண்டு மூன்று தலைமுறைகளில், சிறிது சிறிதாக இஸ்லாத்தைத் தழுவினர். இவானின் மகன் ஃபர்ஹாத் என்றும், மிஹைலோவின் மகன் ஹஸன் என்றும் அவ்வேடுகள் குறிக்கின்றன. தந்தை கிறித்தவர், மகன் முஸ்லிம். உழும் நிலமும் குடிக்கும் நீரும் ஒன்றே.

இம்மாற்றம் உறவுகளை ஒரு நிலையில் விட்டுவைக்கவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஹனஃபீ சட்டப்படி முஸ்லிமும் முஸ்லிமல்லாதாரும் ஒருவர்க்கொருவர் வாரிசாக முடியாது. எனவே இஸ்லாத்தைத் தழுவிய மகன் கிறித்தவத் தந்தையின் உடைமையில் மரபுரிமையை இழந்தான். கிறித்தவப் பெண்ணை முஸ்லிம் ஆண் மணக்கலாம். முஸ்லிம் பெண்ணைக் கிறித்தவர் மணத்தல் கூடாது. கணவன் கிறித்தவனாக இருக்க மனைவி மட்டும் இஸ்லாத்தைத் தழுவினால், கணவனும் உடன் தழுவாதவிடத்து அத்திருமணம் முறிந்தது. இஸ்லாத்தைத் தழுவியவர் ஜிஸ்யா வரியினின்று நீங்கினார். ஊருக்கென மொத்தத் தொகை விதிக்கப்பட்ட இடங்களில் அச்சுமை எஞ்சிய கிறித்தவர் தோள்களில் ஏறியது. மனத்தாங்கலுக்கான காரணங்கள் இவ்வாறு பல இருந்தன.

அவற்றினூடே உறவைக் காத்த வழக்காறுகளும் இருந்தன. புனித ஜார்ஜின் நாளும் எலியா தீர்க்கதரிசியின் நாளும் இரு சமயத்தாரும் கொண்டாடும் ஊர் விழாக்களாயின. குழந்தையின் முதல் முடியை வேற்றுச் சமயத்து நண்பர் ஒருவரைக் கொண்டு கத்தரிக்கச் செய்து, அதன்வழி இரு குடும்பங்களும் உறவு பூணும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. கிறித்தவர் தம் வழக்குகளைக் காஜியின் மன்றத்திற்குக் கொண்டுவருவதும் இயல்பாயிற்று. மிலெஷேவா மடத்தில் செர்பியரின் புனிதராகிய சவாவின் திருவுடல் இருந்தது. அம்மடத்திற்கு முஸ்லிம்களும் காணிக்கை அளித்துவந்ததை அந்நூற்றாண்டின் ஐரோப்பியப் பயணிகள் வியப்புடன் எழுதிவைத்துள்ளனர். இத்தகைய மண்ணில்தான் சிறுவன் பாயோ வளர்ந்தான்.

ஊரைவிட்டுப் பிரிந்த சிறுவன்

பதின்வயதில் அவன் வாழ்வு திசைமாறியது. தெவ்ஷிர்மே என்னும் முறைப்படி, அரசப் பணிக்கென ஊர்தோறும் கிறித்தவச் சிறுவர்களைத் திரட்டுவது உதுமானியர் வழக்கம். நாற்பது வீட்டுக்கு ஒருவன் என்பது பொது அளவு. ஒரே மகனாக இருப்பவனையும் மணமானவனையும் கொள்ளலாகாது என விதிகள் கூறின. போஸ்னியாவில் மட்டும் முஸ்லிம் குடும்பத்துச் சிறுவர்களும் இம்முறையில் சேர்க்கப்பட்டனர். அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டவர்கள் இஸ்லாமிய நெறியில் வளர்க்கப்பட்டு, திறமைக்கேற்பப் படையிலோ அரண்மனையிலோ அமர்த்தப்பட்டனர்.

இம்முறையைப் பற்றி நாம் நேர்மையாகப் பேசுதல் வேண்டும். பாதுகாப்பு உறுதியளிக்கப்பட்ட திம்மி மக்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்தல் ஷரீஅத்தின் நெறிக்கு ஒவ்வாதது என்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். தம் மகனுக்கு உயர்வு கிட்டும் என எண்ணி விரும்பி அனுப்பியோர் சிலர் உண்டு. மகனை ஒளித்துவைத்தோரும், இளமையிலேயே அவனுக்கு மணம் முடித்துவைத்தோரும் உண்டு. மகனைப் பறிகொடுத்த தாய்மாரின் துயரம் அந்நாட்டு நாட்டுப்புறக் கதைகளில் இன்றளவும் மறையவில்லை. நம் கதைத்தலைவர் அடைந்த பதவியின் பெருமை அந்தத் துயரத்தை ஈடுசெய்துவிடாது. அவர் வாழ்வின் தொடக்கத்தில் ஒரு பிரிவு இருந்தது என்பதையும், அது அவர் தேர்ந்துகொண்டதன்று என்பதையும் மனத்திற்கொண்டே மேலே செல்லவேண்டும்.

எதிர்னே அரண்மனையிலும் பின்னர் இஸ்தான்பூல் அரண்மனையிலும் அவர் பயின்றார். முஹம்மது என்னும் பெயர் பெற்றார். பிறந்த ஊரின் பெயரோ அவரை விட்டு நீங்கவில்லை. சொக்கொலு என்பதற்குச் சொக்கொலைச் சேர்ந்தவர் என்பது பொருள். பேரரசின் உச்சியில் அமர்ந்தபோதும் அச்சிற்றூரின் பெயரே அவருக்கு அடைமொழியாக நின்றது.

பதவிப் படிகள்

1546-இல் கடற்படைத் தளபதி ஹைருத்தீன் பார்பரோஸா மறைந்ததும் அப்பொறுப்பு சொக்கொலுவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1550 அளவில் அவர் ருமேலியாவின் ஆளுநரானார். பிறந்த மண்ணை உள்ளடக்கிய பால்கன் பகுதியின் பெரும்பகுதி அவர் பொறுப்பில் வந்தது. 1550-களின் நடுவில் வஜீராக உயர்ந்தார். 1562-இல் இளவரசர் செலீமின் மகள் இஸ்மிஹான் சுல்தானை மணந்தார். 1565-இல் தலைமை வஜீரானார்.

அடுத்த ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. ஹங்கேரியில் சிகெத்வார் கோட்டையின் முற்றுகையின்போது, 1566 செப்டம்பரில், முதிய சுல்தான் சுலைமான் பாசறையிலேயே உயிர் நீத்தார். செய்தி பரவினால் படை சிதறும்; குழப்பமும் மூளக்கூடும். சொக்கொலு அம்மறைவை ஏறத்தாழ ஏழு வாரங்கள் வெளிவிடாது காத்து, இளவரசர் செலீம் பெல்கிரேடு வந்து சேரும்வரை ஆட்சியைச் செலுத்தினார். ஒரு துளிக் குருதியும் சிந்தாது அரசுரிமை கைமாறியது.

அவர்தம் பார்வை நெடுந்தொலைவு சென்றது. இந்தியப் பெருங்கடலில் போர்த்துக்கீசியர் ஹஜ் பயணிகளின் வழியை மறித்துவந்த அந்நாளில், 1568-இல் சூயஸ் பகுதியில் கால்வாய் வெட்டும் திட்டம் ஆராயப்பட்டது. 1569-இல் தோன், வோல்கா ஆறுகளை இணைக்கும் முயற்சி தொடங்கப்பட்டது. இரண்டும் நிறைவேறவில்லை. சைப்பிரஸ் போரை அவர் விரும்பவில்லை. அப்போரின் விளைவாக 1571-இல் லெபான்தோவில் உதுமானியக் கடற்படை அழிந்தபோது, ஒரே குளிர்காலத்தில் அதனை மீண்டும் உருவாக்கிக் காட்டியவரும் அவரே.

திருச்சபைக்குத் திரும்பிய பீடம்

நாம் சிறப்பாக நோக்கவேண்டிய செயல் 1557-இல் நிகழ்ந்தது. செர்பியத் திருச்சபைக்கு முன்னாளில் பெச் நகரில் முதுபெரும் தந்தையின் பீடம் இருந்தது. உதுமானிய வெற்றிக்குப்பின் அது செயலிழந்து, செர்பியத் திருச்சபை ஒக்ரித் பேராயத்தின்கீழ் வைக்கப்பட்டது. 1557-இல் சுல்தானின் ஆணையால் பெச் பீடம் மீண்டும் நிறுவப்பட்டது. அப்போது சொக்கொலு திவானில் வஜீர்களுள் ஒருவர். முதல் முதுபெரும் தந்தையாக அமர்ந்தவர் மக்காரியே சொக்கொலோவிச். அவர் சொக்கொலுவின் உடன்பிறந்தார் என்பர் சிலர். உடன்பிறந்தாரின் மகன் என்பர் வேறு சிலர். நெருங்கிய உறவினர் என்பதில் ஐயமில்லை.

ஒரே குடும்பத்துக் கிளைகளுள் ஒன்று பேரரசின் வஜீர் பதவியில். மற்றொன்று திருச்சபையின் தலைமையில். மக்காரியேவுக்குப்பின் அந்தோனியே, கெராசிம் என அக்குடும்பத்தாரே அடுத்தடுத்து அப்பீடத்தில் அமர்ந்தனர். அதே காலத்தில் இஸ்லாத்தில் இருந்த உறவினருள் முஸ்தஃபா பாஷா 1566 முதல் 1578 வரை புதா மாகாணத்தை ஆண்டார். ஃபர்ஹாத் பாஷா போஸ்னியாவை ஆண்டு, பான்யா லூகா நகரில் அழகிய பள்ளிவாசலை 1579-இல் எழுப்பினார்.

பீடம் திரும்பியதால் சிற்றூர் மக்களுக்கு விளைந்தது யாது? சுல்தானின் ஆணைப்படி முதுபெரும் தந்தை ஆயர்களை அமர்த்தினார்; கிறித்தவரின் திருமண வழக்குகளைத் தீர்த்தார்; திருச்சபைக்குரிய பொருளைத் திரட்டினார். பாழடைந்த ஆலயங்களும் மடங்களும் ஊர்தோறும் செப்பனிடப்பட்டன. புதிய ஆலயம் எழுப்புவதற்குத் தடை இருந்த ஆட்சியில், பழையதைப் பழுதுபார்ப்பதற்கும் இசைவு வேண்டும்; அவ்விசைவு எளிதாயிற்று. பெச் பேராலயத்தின் முன்மண்டப ஓவியங்கள் 1565-இலும், கிரச்சானிட்சா ஆலயத்தின் முன்மண்டப ஓவியங்கள் 1570-இலும் தீட்டப்பட்டன. அப்பீடத்தின் எல்லை செர்பியா, போஸ்னியா, ஹெர்ஸகோவினா, ஹங்கேரியின் தென்பகுதி எனப் பரந்திருந்தது. 1766-இல் நீக்கப்படும்வரை, இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அது நிலைத்தது.

அரசியல் நோக்கம் இதில் இல்லை எனக் கூறுவாரும் உளரோ? எல்லையில் ஹாப்ஸ்பர்க் பேரரசு கண்வைத்துக் காத்திருந்தது. செர்பியக் குடிமக்கள் மனநிறைவுடன் இருத்தல் பேரரசுக்கு நலம். எனினும் அரசியல் தேவை ஒன்றே காரணமாயின், அப்பொறுப்பை எவரிடமும் கொடுத்திருக்கலாம். தம் குருதியைச் சார்ந்த கிறித்தவரை அப்பீடத்தில் அமரவைத்து, அவ்வுறவை ஊரறிய ஏற்றுக்கொண்டதில் சொக்கொலுவின் உள்ளம் வெளிப்படுகிறது என்பதே நம் கருத்து.

இதனை இஸ்லாமிய நெறிக்குப் புறம்பான பாசம் எனக் கருதுதல் பிழை. இணைவைப்போராய் இருந்த தாயார் காண வந்தபோது அவரோடு உறவு பேணலாமா என வினவிய அஸ்மா (ரலி) அவர்களுக்கு, பேணுமாறே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மார்க்கத்திற்காகப் பகைத்துப் போரிடாதவரோடு நன்முறையிலும் நீதியாகவும் நடப்பதைத் திருக்குர்ஆன் தடுக்கவில்லை. உறவைத் துண்டியாமை முஸ்லிமின் கடமைகளுள் ஒன்று.

ஆற்றின்மேல் ஒரு பாலம்

சொக்கொலு எழுப்பிய அறநிலையங்கள் பல. இஸ்தான்பூல் கதிர்கா பகுதியில் சினான் கட்டிய பள்ளிவாசலில் ஹஜருல் அஸ்வத் கல்லின் சிறு துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. லுலெபுர்காஸ் நகரில் பள்ளிவாசல், மத்ரஸா, பயணியர் விடுதி எனப் பெருந்தொகுதி ஒன்று அவர் வக்ஃபாக எழுந்தது. ஆயினும் உலகம் அவரை நினைவுகூர்வது விஷெகிராத் நகரில் திரினா ஆற்றின்மேல் அமைந்த கற்பாலத்தினாலேயே. பிறந்த சிற்றூரினின்று தொலைவில்லாத அவ்விடத்தில் 1571 முதல் 1577 வரையிலான ஆண்டுகளில் சினானின் வடிவமைப்பில் அது கட்டப்பட்டது. பதினொரு வளைவுகள், நீளம் 179.5 மீட்டர். ஆழமும் விரைவும் மிக்க ஆற்றைப் படகில் அஞ்சி அஞ்சிக் கடந்த மக்கள் அதன்பின் கால் நனையாது கடந்தனர். பாலத்தில் கால்வைப்பவரின் சமயத்தை எவரும் வினவவில்லை.

அப்பாலத்தைக் கட்டிய சினானும் இவ்வழியினரே என்பது குறிப்பிடத்தக்கது. அனத்தோலியாவில் கைசேரிக்கு அருகிலுள்ள அகிர்நாஸ் என்னும் கிறித்தவச் சிற்றூரில் பிறந்து, தெவ்ஷிர்மே வழியாகவே அவரும் வந்தார். சைப்பிரஸ் தீவைக் கைப்பற்றிய பின், அங்குக் குடியேற்றுவதற்காக அனத்தோலியச் சிற்றூர்களின் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. தம் கிறித்தவ உறவினர் ஊரைவிட்டுப் பெயர்க்கப்படுவதை அறிந்த சினான் அரசிடம் முறையிட்டார். 1573-இல் அவர்களுக்கு விலக்களித்து ஆணை பிறந்தது. தலைமை வஜீராக அப்போது இருந்தவர் சொக்கொலு. இருவரும் முதுமை எய்திய காலம் அது. இருவருக்கும் ஊர் மறக்கவில்லை.

முடிவும் பின்வந்ததும்

1574-இல் மூன்றாம் முராத் அரியணை ஏறியபின் சொக்கொலுவின் செல்வாக்கு தேயலாயிற்று. அவருடைய ஆதரவாளர்கள் ஒவ்வொருவராக விலக்கப்பட்டனர். புதாவை ஆண்ட முஸ்தஃபா பாஷா 1578-இல் சுல்தானின் ஆணையால் கொல்லப்பட்டார். 1579 அக்டோபரில், மனுக்களைப் பெறும் அவையில், துறவிக் கோலத்தில் வந்த ஒருவன் பெருவஜீரைக் கத்தியால் குத்தினான். எழுபது வயதைக் கடந்த அவர் அந்நாளிலேயே உயிர் துறந்தார். ஐயூப் பகுதியில், சினான் கட்டிய அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப்பின் நிகழ்ந்த ஒன்றை நாம் நோக்குதல் வேண்டும். 1590-களில் ஹாப்ஸ்பர்க் போரின்போது பானாத் பகுதிச் செர்பியர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களைத் தண்டிக்க எண்ணிய கோஜா சினான் பாஷா, மிலெஷேவா மடத்திலிருந்த சவாவின் திருவுடலைப் பெல்கிரேடுக்குக் கொண்டுவந்து எரிக்கச் செய்தார். சிறுவன் பாயோ பயின்றதாகக் கூறப்படும் மடம் அது. முஸ்லிம்களும் காணிக்கை செலுத்திய மடம் அது. எரிக்கச் செய்த அப்பாஷாவும் அல்பேனியக் கிறித்தவக் குடியில் பிறந்து, இஸ்லாத்தில் வளர்ந்தவரே. இருவரும் ஒரே வழியில் வந்தனர். ஒருவர் பீடத்தைத் திருப்பியளித்தார். மற்றவர் மக்கள் போற்றியதை எரித்தார். இருவரும் ஏற்ற மார்க்கம் ஒன்றே. எனவே இவ்வேறுபாடு மார்க்கத்தால் விளைந்ததன்று, அவரவர் உள்ளத்தால் விளைந்தது. அந்நெருப்பின் தழும்பு செர்பியர் மனத்தில் நூற்றாண்டுகள் நிலைத்தது என்பதை வரலாறு காட்டுகிறது.

விஷெகிராத் பாலமும் பல இடர்களைக் கண்டது. முதல் உலகப்போரிலும் இரண்டாம் உலகப்போரிலும் அதன் வளைவுகள் சில தகர்ந்தன; பின்னர்ச் செப்பனிடப்பட்டன. அதனைப் பொருளாகக் கொண்டு இவோ அந்திரிச் எழுதிய புதினம் 1945-இல் வெளிவந்தது. 1961-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். 1992-ஆம் ஆண்டுப் போரில் அந்நகரத்து முஸ்லிம்கள் பலர் அப்பாலத்தின்மீதே கொல்லப்பட்டுத் திரினாவில் எறியப்பட்டனர். ஃபர்ஹாத் பாஷாவின் பள்ளிவாசல் 1993-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டு, 2016-இல் திறக்கப்பட்டது. பாலம் 2007-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. இரு கரையாரையும் சேர்க்க எழுந்த கல், கரையாரைக் கொல்லும் களமானதைக் காணும்போது நெஞ்சம் பதைக்கிறது. கற்பாலத்தைச் செப்பனிடக் கொத்தர்கள் உளர். உறவு என்னும் பாலம் இடிந்தால் அதனைச் செப்பனிடும் பொறுப்பு ஊரார் ஒவ்வொருவரையும் சார்ந்தது.

சொக்கொலு குறையற்ற மனிதர் என நாம் கூறவரவில்லை. உறவினருக்குப் பதவிகளை வாரி வழங்கினார் என அவர் காலத்தவரே குறைகூறினர். எந்த முறையால் தாம் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டாரோ, அம்முறையை அவர் தம் ஆட்சியில் நிறுத்தவுமில்லை. எனினும், தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றுகொண்டே வேற்று மார்க்கத்து உறவினரின் வழிபாட்டுக்கும் மானத்திற்கும் அரண் செய்ய இயலும் என்பதை அவர் செயலால் மெய்ப்பித்தார். ஏற்ற நெறியில் ஐயமுடையவரே பிறர் நெறியைக் கண்டு அஞ்சுவர். உறுதியுடையவர்க்கு அவ்வச்சம் தேவையில்லை. கல்லூரியை விட்டுப் பல்வேறு ஊர்களுக்கும் பணிகளுக்கும் செல்லவிருக்கும் நம் மாணவர்கள், வரலாற்றின் இப்பக்கத்தையும் தம்முடன் எடுத்துச் செல்வார்களாக.